டின் பாலும் புளியங்குடி எலுமிச்சையும்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், புளியங்குடியில் இருக்கும் என் மாமியாரின் தம்பி, அரைச் சாக்கு எலுமிச்சம்பழத்தைப் பேருந்தில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவைத்தார். கோடையில் ஒரு பழத்துக்குக்கூடக் கணக்குப் பார்க்கும் மனிதர் அவர். மழைக்காலத்தில் சர்பத் குடிக்க ஆள் இல்லாமல் விலை சரிந்துவிடும். கமிஷன் கடையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதைவிட அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பார். தென்காசி மாவட்டத்தில் எலுமிச்சை என்றாலே புளியங்குடிதான் என்பதால், எங்கள் வீட்டில் அந்தப் பழத்துக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. ஆனால் அவ்வளவு மொத்தமாக வந்து இறங்கியது அதுதான் முதல் தடவை. அத்தை ஒரு பெரிய ஜாடி நிறைய உப்பில் ஊறப்போட்டார். நான் இரண்டு புட்டி சர்பத் காய்ச்சினேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம். அதற்குப் பிறகும் அறுபது பழங்களுக்குக் குறையாமல் மூலையில் கிடந்தன.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டார் பன்னிரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. வழக்கமாகப் பாயசம் அத்தையின் பொறுப்பு. அத்தைக்கு முழங்கால் வலி வந்த பிறகு அடுப்படியில் நெடுநேரம் நிற்க விடுவதில்லை. நானோ அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவள். முதல் நாள் இரவே செய்து வைத்துவிடக்கூடிய, அடுப்பையே பற்றவைக்கத் தேவையில்லாத ஓர் இனிப்பு வேண்டும் என்று யோசித்தபோது, உடன் வேலை பார்க்கும் ஒருவர் ஒருமுறை சின்னக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து கொடுத்த எலுமிச்சைப் புட்டிங் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் முட்டை கிடையாது, ஜெலட்டின் கிடையாது, கேக் சுடும் அடுப்பும் கிடையாது. கடையில் வாங்கிய கெட்டிப்பால் டின், பிஸ்கட், பாக்கெட் க்ரீம் ஆகிய மூன்றோடு பழத்தைச் சேர்த்தால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார். அது உண்மைதான் என்றாலும், அந்த 'போதும்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு தவறு செய்ய இடம் இருக்கிறது என்பதைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை நான் படிப்படியாகத் தெரிந்துகொண்டேன்.

முதல் முயற்சி செவ்வாய்க்கிழமை இரவு. கைபேசியில் தேடி எடுத்த செய்முறையில் 400 கிராம் டின் ஒன்றுக்கு நான்கு எலுமிச்சம்பழம் என்று போட்டிருந்தது. நானும் நான்கு பழங்களை எண்ணி எடுத்துப் பிழிந்து ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால், சற்றுக் கெட்டியான பாயசம்போலக் கரண்டியிலிருந்து வழிந்தது. வாயில் வைத்தால் இனிப்பு தொண்டையைக் கட்டியது. எலுமிச்சை எங்கோ தொலைவில் இருந்தது. அந்தச் செய்முறையை எழுதியவர் சொன்னது மேல்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பெரிய, தடித்த தோலுள்ள மஞ்சள் எலுமிச்சை. அதில் ஒரு பழத்தைப் பிழிந்தால் ஏறத்தாழ 45 மில்லி சாறு கிடைக்கும். நம் நாட்டு எலுமிச்சையில் 15 மில்லி கிடைத்தாலே நல்ல பழம் என்று சொல்ல வேண்டும். நான்கு பழம் என்றால் அவருக்கு 180 மில்லி, எனக்கு 60 மில்லி. புதன்கிழமை அந்தக் கோபத்தில் பன்னிரண்டு பழங்களைப் பிழிந்தேன். பல் கூசியது, அதுவும் தளர்ந்துதான் இருந்தது. பழத்தை எண்ணாமல் சாற்றை அளந்து ஊற்ற வேண்டும் என்ற எளிய விஷயம் எனக்குப் புரிவதற்கு இரண்டு டின் செலவாயிற்று.

இந்த இடத்தில் ஒரு சிறு கிளைக்கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. எலுமிச்சைச் சாறும் கெட்டிப்பாலும் சேரும் இந்த இனிப்பின் மூத்த வடிவம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் 'கீ' தீவுகளில் பிறந்ததாகச் சொல்வார்கள். 'கீ லைம் பை' என்பது அதன் பெயர். 2006-ஆம் ஆண்டு அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரப்பூர்வ 'பை'யாக அறிவித்தது. கெயில் போர்டன் என்பவர் 1856-இல் கெட்டிப்பாலுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் தீவுகளின் கோடியில் இருக்கும் கீ வெஸ்ட்டுக்கோ 1912-இல்தான் ரயில் போய்ச் சேர்ந்தது. கறந்த பாலும் பனிக்கட்டியும் எளிதில் கிடைக்காத ஊரில், கெடாமல் இருக்கும் டின் பாலை வைத்துத்தான் இனிப்புச் செய்தாக வேண்டும். ஆக, நாம் குறுக்குவழி என்று சற்றே கூச்சத்தோடு சொல்லும் அந்த டின்தான் இந்தப் பண்டத்தின் மூலப்பொருளே. கறந்த பாலைக் காய்ச்சிச் செய்வதுதான் இதற்கு மாற்றுவழி. இன்னொன்றும் உண்டு. அந்தத் தீவுகளின் பெயரைச் சுமக்கும் சின்னஞ்சிறு எலுமிச்சையும், நாம் பத்து ரூபாய்க்கு இரண்டு, மூன்று என்று வாங்கும் நாட்டு எலுமிச்சையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவர்கள் பெயர் சொல்லிப் பெருமைப்படும் பழம் எங்கள் வீட்டு மூலையில் சாக்கில் கிடந்தது. பெரிய மஞ்சள் பழம் கிடைக்கவில்லையே என்று இரண்டு நாளாக நான் குறைப்பட்டுக்கொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

வியாழக்கிழமை மூன்றாவது முறை கலக்கும்போது அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். டின்னைத் திறந்து அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் கவிழ்த்தேன். நாட்டில் எந்த நிறுவனத்தின் டின்னை வாங்கினாலும் மில்க்மெய்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்; அதை எடுத்த எடுப்பில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வராது, வெளியிலேயே இருந்தால் தேன்போல இறங்கிவிடும். அளந்து வைத்திருந்த சாற்றைக் கையில் எடுத்ததும் அத்தை பதறிவிட்டார்.

"பாலுல எலுமிச்சையப் பிழிஞ்சா திரிஞ்சுல்லா போவும்?"

நியாயமான கேள்வி. பால் திரிந்தால் அபசகுனம் என்று நினைக்கும் தலைமுறை அவருடையது. பனீர் செய்கிறேன் என்று நான் வேண்டுமென்றே பாலைத் திரித்தபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டவர். நான் பதில் சொல்லாமல் சாற்றை மூன்று பங்காக்கி, முதல் பங்கை ஊற்றி மத்தால் சுற்றினேன். முதலில் கெட்டிப்பால் தளர்ந்து, இளகி, ஓரத்தில் சாறு தனியாக ஓடுவதுபோலத் தெரிந்தது. அத்தை "பாத்தியா" என்றார். இரண்டாவது பங்கை ஊற்றி இன்னும் இருபது சுற்றுச் சுற்றியபோது மத்தின் தடம் மெல்ல விழத் தொடங்கியது. மூன்றாவது பங்குக்குப் பிறகு, மத்தைத் தூக்கினால் அதிலிருந்து விழுந்த பட்டை கிண்ணத்தின் மேல் நாலைந்து நொடி அப்படியே கிடந்து பிறகு கரைந்தது. நிறம் பழுப்பு கலந்த வெண்மையிலிருந்து தெளிந்த வெண்மைக்கு மாறி, மேற்பரப்பில் பட்டுத்துணிபோல ஒரு பளபளப்பு வந்தது. திப்பி இல்லை, தண்ணீர் பிரியவில்லை. அத்தை எழுந்து வந்து சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "தயிர் மாதிரில்லா உறைஞ்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னது ஏறக்குறைய அறிவியலேதான். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதப்பதால்தான் பால் நீர்மமாக இருக்கிறது. புளிப்பு ஏறி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 4.6-ஐ நெருங்கும்போது அந்த விலக்கம் போய், துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. கொதிக்கும் சாதாரணப் பாலில் இது நடந்தால், ஏராளமான தண்ணீரைத் தனியே விட்டுவிட்டுப் புரதம் கட்டியாகத் திரண்டுவிடும். கெட்டிப்பாலில் தண்ணீர் ஏறத்தாழக் கால் பங்குதான். மீதியில் பெரும்பகுதி சர்க்கரை, அந்தத் தண்ணீரையும் அது பிடித்து வைத்திருக்கிறது. பிரிந்து ஓடத் தண்ணீர் இல்லாததால், சூடும் படாததால், புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு மொத்தத்தையும் கெட்டியாக்கிவிடுகிறது. சாறு குறைந்தால் வலை விழாது. கூடினால் அந்தச் சாறே தண்ணீராக நின்று மறுபடியும் தளர்த்திவிடும். என் முதல் இரண்டு தோல்விகளுக்கும் காரணம் இதுதான்.

எனக்குக் கைகொடுத்த அளவு இது: 400 கிராம் டின் ஒன்றுக்கு 100 மில்லி சாறு, 200 மில்லி பாக்கெட் க்ரீம், நான்கு பழங்களின் தோல் துருவல், இரண்டு சிட்டிகை உப்பு. இதில் சிறிய தம்ளர்கள் எட்டு நிரம்பும். புளிப்பு தூக்கலாக வேண்டுமென்றால் 110 மில்லி வரை போகலாம். அதற்கு மேல் நான் போவதில்லை. அளவுக்கோப்பை இல்லாதவர்கள் காய்ச்சல் மருந்துப் புட்டியோடு வரும் பிளாஸ்டிக் மூடியை வைத்துக்கூட அளக்கலாம், நான் அப்படித்தான் அளந்தேன். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் கலக்க வேண்டாம். புளிப்பு அலுமினியத்தோடு வினைபுரிந்து ஓர் உலோகச் சுவையை விட்டுவிடும். ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, புளிப்புக்குப் பாத்திரம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எலுமிச்சையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இனிப்பில் நாம் உண்மையிலேயே வேலை செய்வது அதில்தான். சாறு கொடுப்பது புளிப்பை. மணத்தைக் கொடுப்பது தோலில் இருக்கும் எண்ணெய். எங்கள் வீடுகளில் தோலைத் துருவிச் சமையலில் சேர்க்கும் பழக்கம் இல்லாததால், முதல் இரண்டு தடவையும் துருவலை நான் ஓர் அலங்காரமாக நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை சேர்த்த பிறகுதான் இது எலுமிச்சை இனிப்பாக ஆயிற்று. நம் பழத்தை வடக்கே 'காக்ஜி' என்று அழைக்கிறார்கள்; காகிதம்போன்ற தோல் என்று பொருள். அந்தப் பெயரிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. பெரிய மஞ்சள் எலுமிச்சையில் நாலு இழுப்பு இழுத்துத் துருவலாம். இதிலோ இரண்டாவது இழுப்பிலேயே அடியிலுள்ள வெள்ளைத் தோல் வந்துவிடும், அது கசக்கும். ஆகவே துருவியின் மிகச் சிறிய கண்களில், ஓர் இடத்தில் ஒருமுறை மட்டும், பழத்தைத் திருப்பித் திருப்பி லேசாக உரச வேண்டும். நன்கு மஞ்சளாகப் பழுத்த பழத்தின் தோல் மெலிந்து மெத்தென்று ஆகிவிடுவதால் துருவியில் வழுக்குகிறது. அதில் சாறு அதிகம். பச்சை முழுவதும் மாறாத செங்காயின் தோல் விறைப்பாக இருப்பதால் துருவ வசதி. மணமும் அதில்தான் காரமாக ஏறுகிறது. எனவே துருவலுக்குச் செங்காய், சாற்றுக்குப் பழம் என்று பிரித்துக்கொண்டேன். துருவலை ஒரு கரண்டிச் சர்க்கரையோடு சேர்த்து விரல்நுனியால் இரண்டு நிமிடம் கசக்கினால், சர்க்கரை ஈரமாகி, லேசான பச்சை நிறம் ஏறி, அடுப்படி முழுவதும் மணக்கும். அந்தச் சர்க்கரையைக் கெட்டிப்பாலில் கலந்த பிறகே சாற்றை ஊற்ற வேண்டும்.

துருவுவதை முதலில் செய்துவிட்டு அப்புறம் பழத்தை நறுக்குங்கள். நறுக்கிய மூடியைத் துருவ முயன்று கட்டைவிரலைத் துருவிக்கொண்டவள் சொல்கிறேன்.

பிழிவதற்கு அத்தையிடம் ஒரு சட்டம் உண்டு. எலுமிச்சைச் சாதத்துக்குப் பிழியும்போது மூடியை ஒட்டப் பிழியக் கூடாது என்பார், விதை ஒன்றுகூட நசுங்கக் கூடாது என்பார், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் சாற்றைச் சேர்க்க வேண்டும் என்பார். இந்த மூன்றும் இங்கும் அப்படியே பொருந்துகின்றன. கசப்புக்குக் காரணமான பொருள் விதையிலும் வெள்ளைத் தோலிலும் இருக்கிறது; இறுக்கிப் பிழிந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும். பிழிந்த உடனே அந்தக் கசப்பு தெரிவதில்லை, புளிப்பான சாற்றில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருவாகிறது. வெள்ளிக்கிழமை இரவே பிழிந்து வடிகட்டாமல் வைத்த சாறு சனிக்கிழமை காலையில் கசந்தது அதனால்தான். அன்றன்றைக்குப் பிழிந்து, உடனே வடிகட்டி, ஒரு மணி நேரத்துக்குள் கலந்துவிட வேண்டும். பிழிவதற்கு முன்னால் பழத்தை உள்ளங்கையால் மேடையில் அழுத்தி உருட்டினால் சாறு தாராளமாக இறங்குகிறது. மழையில் நனைந்து வந்த பழமாக இருந்தால் துடைத்து அரை மணி நேரம் காற்றில் வைப்பது நல்லது. ஈரத்தோல் துருவியில் பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு, சாற்றையும் புட்டியில் வாங்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, வாங்கியும் பார்த்தேன். புளிப்பு இருப்பதால் பால் நன்றாகவே உறைந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாக்கில் புளிப்பு மட்டும் நின்றது, மணம் வரவில்லை. தோல் எண்ணெயின் மணம் காற்றில் பறந்துவிடக்கூடியது என்பதால் புட்டியில் அடைத்த சாற்றில் அதை எதிர்பார்ப்பதே தவறு. பிஸ்கட்டைக் கடையில் வாங்கலாம், பாலை வாங்கலாம், க்ரீமை வாங்கலாம். இந்த ஒன்றைக் கையால் பிழியுங்கள். ஏழு பழம் பிழிய ஐந்து நிமிடம் ஆகாது.

அடியில் போடும் பிஸ்கட்டுக்கு மேரி பிஸ்கட்தான் என் தேர்வு. 1874-இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாண்ட்ரோவ்னாவுக்கும் எடின்பரோ கோமகனுக்கும் நடந்த திருமணத்தை ஒட்டி லண்டனில் பீக் ஃப்ரீன் நிறுவனம் செய்த பிஸ்கட் அது. இன்று நம் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடிவரை வந்துவிட்டது. இனிப்புக் குறைவு என்பதால் கெட்டிப்பாலின் இனிப்பை அது தாங்கிக்கொள்ளும். கோதுமைத் தவிட்டுப் பிஸ்கட்டும் நன்றாக இருக்கும், விலைதான் இரண்டு மடங்கு. க்ரீம் வைத்த பிஸ்கட் வேண்டாம். எட்டுத் தம்ளருக்கு 120 கிராம் பிஸ்கட்டும் 50 கிராம் வெண்ணெயும் போதும். மிக்ஸியில் போட்டு ஓடவிட்டால் மாவாகிவிடுகிறது. மாவான பிஸ்கட் வெண்ணெயோடு சேர்ந்து ஃபிரிட்ஜில் கல்லாக இறுகிக் கரண்டி இறங்க மறுக்கும். ஒரு துணிப்பையில் போட்டுப் பூரிக்கட்டையால் உருட்டினால் பாதி ரவையாகவும் பாதி குருணையாகவும் உடையும், அந்தப் பதம்தான் சரி. கடையில் விற்கும் உப்பு வெண்ணெயையே உருக்கி ஊற்றலாம். அந்த உப்பு எலுமிச்சைக்குத் துணையாகவே நிற்கிறது. வீட்டு நெய்யை ஊற்றிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். நெய்யின் வாசனை எலுமிச்சையோடு மல்லுக்கு நிற்கிறது, குளிர்ந்ததும் மணல்மணலாக உறைந்துவிடுகிறது. மைசூர்பாகுக்கு வைத்துக்கொள்வோம்.

க்ரீம் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அட்டைப்பெட்டி க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அது எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. நுரைத்து மேலெழும்ப அதைவிடக் கூடுதலான கொழுப்பு வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தால் கை வலிப்பதைத் தவிர ஒன்றும் நடக்காது. எனக்கு அரை மணி நேரம் வலித்தது. அடிக்காமல் சேர்ப்பதுதான் இதற்கு வழி. பெட்டியைக் குலுக்காமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்தால் கெட்டியான பகுதி ஒரு பக்கமும் நீர்த்த பகுதி இன்னொரு பக்கமுமாகப் பிரியும். கெட்டியானதை மட்டும் கரண்டியால் எடுத்துக் கலவையில் சேர்த்து மெதுவாகக் கிளற வேண்டும், மீதமான நீரைக் குழம்பில் ஊற்றிக்கொள்ளலாம். கேக் சாமான் விற்கும் கடைகளில் உறைநிலையில் கிடைக்கும் தாவரக் கொழுப்பு க்ரீம் நம் வெயிலிலும் பஞ்சுபோல நிற்கும், பார்வைக்கும் அழகு. ஆனால் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் படலம் தங்குகிறது. அதில் ஏற்கெனவே சர்க்கரை சேர்த்திருப்பதால் திகட்டவும் செய்கிறது. குழந்தைகளின் பிறந்தநாளுக்கு வேண்டுமானால் மேலே ஒரு சுழி போட்டுக்கொள்ளலாம்.

மற்றக் குறுக்குவழிகளையும் அந்த வாரத்திலேயே ஒரு கை பார்த்தேன். பேக்கரியில் வாங்கிய சாதாரண டீ கேக்கைப் பிஸ்கட்டுக்குப் பதிலாக அடியில் அடுக்கி, நீர்த்த எலுமிச்சைச் சர்பத்தைத் தெளித்தால் பல் இல்லாதவர்களுக்கு நன்றாக இருக்கிறது. கஸ்டர்டு பவுடரில் வெனிலா மணம் சேர்ந்தே வருவதால் எலுமிச்சை பின்வாங்கிவிடுகிறது. கடல்பாசி சேர்ப்பதாக இருந்தால் அதை வெறும் தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை கொதிக்கவைத்து, இறக்கிய பிறகே எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க வேண்டும். சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் புளிப்பு அதன் உறையும் வலுவைக் குலைத்துவிடும். கெட்டிப்பாலே உறைந்துகொள்ளும் இந்த இனிப்புக்கு அது தேவையே இல்லை. நிறப்பொடியும் தேவையில்லை. எலுமிச்சை இனிப்பு என்றால் பளிச்சென்ற மஞ்சளில் இருக்க வேண்டும் என்பது ஜெல்லிப் பாக்கெட்டுகள் நமக்குப் பழக்கிய எண்ணம்.

கலவை சரியாக வந்துவிட்டது என்று நான் நிம்மதியடைந்த பிறகுதான் ஃபிரிட்ஜ் தன் பங்குக்கு வேலையைக் காட்டியது. வியாழக்கிழமை நன்றாக உறைந்த புட்டிங்கை வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால், எலுமிச்சைக்குப் பின்னால் புளித்த தோசை மாவும் நறுக்கிய வெங்காயமும் வந்து நின்றன. பாலும் வெண்ணெயும் சுற்றியிருக்கும் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையவை. நம் வீட்டு ஃபிரிட்ஜில் மாவு, வெங்காயம், நேற்றைய சாம்பார், மல்லிகைப்பூ என்று எல்லாம் ஒன்றாகத்தான் குடியிருக்கின்றன. தம்ளரை மூடாமல் வைத்தது என் தவறு. தட்டு போட்டு மூடினால் போதாது. இறுக்கமான மூடியுள்ள பெரிய டப்பாவுக்குள் தம்ளர்களை நிறுத்தி மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு கெடுதி சனிக்கிழமை வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மதியம்வரை மின்சாரம் இருக்காது என்று செய்தித்தாளில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. ஒத்திகையாக ஒரு பெரிய தட்டில் பரப்பி, கேக்போலத் துண்டு போடலாம் என்று வைத்திருந்தேன். பிள்ளைகள் தண்ணீருக்காகவும், தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடியதில், மதியம் கத்தியை வைத்தபோது அடியிலிருந்த வெண்ணெய் இளகி, பிஸ்கட் உதிர்ந்து, மேலே இருந்தது சரிந்து விழுந்தது. அந்த நிமிடமே தட்டு வேண்டாம், தம்ளர்தான் என்று முடிவு செய்தேன். தம்ளரில் இருந்தால் துண்டு போட வேண்டியதில்லை, சற்றுத் தளர்ந்தாலும் யாருக்கும் தெரியாது, பரிமாறவும் எளிது. குளிர்ந்த நாட்டவர்களுக்குத் துண்டு போடும் பண்டமாக இருக்கும் இது, நம் வெயிலில் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பண்டமாக இருப்பதே சரி. குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, குளிரில் இருக்க வேண்டும். பரிமாறும் நேரத்துக்கு முன்னால் வெளியே எடுத்து வைக்கக் கூடாது. இரண்டு நாளைக்கு மேல் வைத்திருந்தால் அடியில் நீர் கசிந்து பிஸ்கட் ஊறிவிடுகிறது.

சனிக்கிழமை இரவு இரண்டு டின்னைத் திறந்து, பதினான்கு பழங்களைப் பிழிந்து, பதினாறு தம்ளர்களை நிரப்பினோம். துருவலைச் சர்க்கரையோடு கசக்கும் வேலையை அத்தை தன்னுடையதாக்கிக்கொண்டார். உட்கார்ந்து செய்யும் வேலை என்பது ஒன்று. கை மணக்கிறது என்று பேரப்பிள்ளைகளிடம் நீட்டிக் காட்டலாம் என்பது இன்னொன்று. பிஸ்கட்டை உடைத்தது என் பெரிய மகன். கரண்டியின் பின்புறத்தால் பிஸ்கட்டை அழுத்திப் பரப்பி, மேலே கலவையை ஊற்றி, தம்ளரைத் துணியின்மேல் இரண்டு தட்டுத் தட்டினால் காற்றுக் குமிழ்கள் மேலே வந்து பரப்பு சமமாகிவிடும். மொத்தமும் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. கழுவ வேண்டியிருந்தது ஒரு கிண்ணம், ஒரு மத்து, ஒரு துருவி.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து தம்ளர்களை எடுத்து வந்தபோது, மதினியின் மாமனார், இனிப்பு என்றால் அல்வாவைத் தவிர எதையும் மதிக்காதவர், "தயிரா?" என்று கேட்டார். இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பிறகு அடியில் கிடந்த பிஸ்கட்டைச் சுரண்டும் சத்தம் கேட்டது. மதினி செய்முறை கேட்டார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அத்தை முந்திக்கொண்டு, பாலில் எலுமிச்சை விட்டால் ஏன் திரியாது என்பதைத் தன் பாணியில் விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே அவர் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினார். நலம் விசாரித்து முடித்த பிறகு, அடுத்த தடவை அனுப்பும்போது எல்லாவற்றையும் பழுத்ததாகவே பார்த்துப் போட வேண்டாம், பாதி செங்காயாக இருக்கட்டும் என்றார். எதற்கு என்று எதிர்முனையில் கேட்டிருக்க வேண்டும். "தோலுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் விளக்காமல் போனை என்னிடம் நீட்டினார்.